அதிகம் பேசாத பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுக்கலாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்துவிட்டு, ஒரு டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

நம் வீடுகளில் இரண்டு பழமொழிகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்." இன்னொன்று, "நிறைகுடம் தளும்பாது." இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்வார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கும்வரை நிறைகுடம் என்று பெருமைப்படுவார். அதே பிள்ளை வேலைக்குப் போனபிறகு, "இப்படி ஊமையாட்டம் இருந்தா எப்படிப் பிழைக்கப் போற?" என்று கேட்பார். பிள்ளை மாறவில்லை. நம் அளவுகோல்தான் மாறிவிட்டது.

இதை எழுதத் தூண்டியது நம் பள்ளியில் என்னிடம் படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். இப்போது பன்னிரண்டு பேருக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பைத் தரலாம் என்று கேட்டிருக்கிறார்கள். கூடவே அவளுடைய ஆண்டு மதிப்பீட்டில், "வேலை மிக நன்று, ஆனால் கூட்டங்களில் பேசுவதில்லை, முன்னே வந்து நிற்பதில்லை" என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் "உனக்கு எதுக்கு இந்த வம்பு, இருக்கிற வேலையைப் பார்" என்கிறார்களாம். "டீச்சர், நான் எட்டாம் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கிட்டு இருந்தவ. என்னால முடியுமா?" என்று கேட்டாள்.

போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை இது. அவளைப்போல உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு, பின் வரிசை முகங்கள்தான் இன்னும் அதிகம் நினைவிருக்கின்றன. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'இன்ட்ரோவர்ட்' என்ற சொல்லை இப்போது எல்லோரும் புழங்குகிறோம். கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல அறிஞர் 1921இல் வெளியிட்ட நூலால் பரவிய சொல் அது. தமிழில் அகமுகர் என்கிறார்கள். கூட்டத்தில் இருந்தால் சோர்ந்து, தனியாகக் கொஞ்ச நேரம் இருந்தால் தெம்பு பெறுகிறவர் என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். கூச்சம் வேறு. கூச்சப்படுகிறவருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். அகமுகருக்குப் பயம் இருக்க வேண்டும் என்பதில்லை. பேசத் தேவை இருப்பதாக அவருக்குத் தோன்றினால் பேசுவார். உம்மணாமூஞ்சி என்பது இரண்டிலும் சேராது, அது வேறு வியாதி!

சரி, இப்படிப்பட்டவர்கள் பெரிய பொறுப்பைத் தாங்குவார்களா? இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் பாம்பன் பாலத்துக்குப் போனால் போதும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைப் பற்றி உங்கள் தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். தனுஷ்கோடி அன்றோடு போயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் நடுப்பகுதி தப்பியது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு கர்டர்கள் கடலில் விழுந்துவிட்டன. அப்போது இங்கே சாலைப் பாலம் கிடையாது. அது 1988இல்தான் வந்தது. ரயில் பாலம் போனால் ராமேஸ்வரம் தனித்தீவுதான்.

அந்தப் பாலத்தைச் சீராக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகச் சுருக்கினார். வேலையை ஒப்படைத்தது முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் ஒருவரிடம். அவர்தான் இ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிக் காட்டியவர். அவர் 46 நாளில் பாலத்தில் ரயிலை ஓடவிட்டார்.

எப்படி? புது கர்டர்கள் செய்து கொண்டுவருவதென்றால் மாதக்கணக்கில் ஆகும். விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கும் இடத்தை நம் மீனவர்கள் சொன்னார்கள். அவற்றையே தூக்கி எடுத்து மறுபடி பொருத்தும் வழியை அவர் பிடித்துக்கொண்டார். இதில் நான் பார்ப்பது பொறியியலை மட்டும் இல்லை. பட்டம் வாங்கிய அதிகாரி ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாத மனிதரும் சொல்லக்கூடிய தகவலைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். தானே பேசிக்கொண்டிருக்கிற அதிகாரிக்கு அந்தத் தகவல் எங்கே போய்ச் சேரும்? வடகடலும் தென்கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் எந்நேரம் எப்படி இழுக்கும் என்பது புத்தகத்தில் இருப்பதைவிட நம் ஆட்களுக்கு அதிகம் தெரியும். ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஸ்ரீதரன் அதிகம் பேசாத மனிதர் என்றே அறியப்பட்டவர். டெல்லி மெட்ரோ கட்டும்போது அதட்டி வேலை வாங்குவதற்குப் பதில், வேலை முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காட்டும் பலகைகளை வைத்தார். தினம் ஒரு எண் குறையும். அதிகாரி பேச வேண்டியதை அந்த எண் பேசிவிடும்.

இதில் ஒரு சுவையான செய்தி. பாலக்காட்டில் ஸ்ரீதரனின் பள்ளித் தோழர் ஒருவர் இருந்தார். டி.என். சேஷன்! தலைமைத் தேர்தல் ஆணையராக 1990 முதல் 1996 வரை நாட்டையே அதட்டி வைத்தவர். ஒரே ஊர், ஒரே வகுப்பு. ஒருவர் இடி, ஒருவர் மழை. இருவரும் தங்கள் துறையைத் திருத்தினார்கள். ஆகவே பேசுகிறவர் மட்டம், பேசாதவர் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. தலைமைக்கு ஒரே ஒரு அச்சு மட்டும் கிடையாது, அவ்வளவுதான்.

பெரிய மனிதர்கள் இருக்கட்டும். நம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு கடலோர நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஏழு, எட்டாம் வகுப்புப் பையன்கள் பாதிப் பேர் வருவதும் போவதுமாக இருப்பார்கள். அங்கே முன்பு இருந்த தலைமையாசிரியர் நல்ல பேச்சாளர். காலை வழிபாட்டில் கல்வியின் பெருமையைப் பற்றி அவர் பேசினால் தெருவில் போகிறவர் நின்று கேட்பார். ஆனால் கேட்க வேண்டிய பையன்கள் அந்நேரம் கரையில் இருந்தார்கள்.

அவருக்குப்பின் ஒரு அம்மா தலைமையாசிரியையாக வந்தார். மெலிந்த குரல். வழிபாட்டில் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசமாட்டார். "இவங்க எங்கே பள்ளிக்கூடத்தை நடத்தப் போறாங்க" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் முதல் மாதம் முழுக்கச் செய்தது ஒன்றுதான். மாலையில் வருகைப் பதிவேடுகளை எடுத்துவைத்து, யார் எந்தக் கிழமை வரவில்லை என்று ஒரு நோட்டில் கோடு போட்டார். கோடுகள் எல்லாம் செவ்வாய், வியாழன் கிழமைகளில் போய் விழுந்தன.

காரணம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வரும். இறால், நண்டு, மீன் என்று பிரிப்பதற்குச் சின்னக் கைகள் வேண்டும். பிரித்துக் கொடுத்தால் கையில் கொஞ்சம் காசும் கிடைக்கும். வேலை முடிய ஒன்பதரை, பத்து மணி ஆகிவிடும். அதற்குப்பின் வந்தால் தாமதத்துக்காக வெளியே நிற்க வேண்டும். அதற்கு வராமலே இருந்துவிடலாம் என்று இருந்துவிட்டார்கள்.

அந்த அம்மா ஆசிரியர் கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு முன்பே ஆளுக்கு ஒரு அரைத்தாள் கொடுத்து, "என்ன செய்யலாம்னு எழுதுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். வழக்கமாகக் கூட்டத்தில் இரண்டு பேர்தான் பேசுவோம், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அன்று எல்லோரும் எழுதினோம். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு இளைய ஆசிரியர் எழுதியதுதான் நல்ல யோசனையாக இருந்தது. செவ்வாய், வியாழன் காலையில் முதல் இரண்டு பாடவேளையில் புதுப் பாடம் வேண்டாம், திருப்புதலும் ஓவியமும் கைத்தொழிலும் வைத்துக்கொள்ளலாம், தாமதமாக வருகிறவனை வெளியே நிறுத்த வேண்டாம் என்பது அவர் யோசனை. தலைமையாசிரியை அதைப் படித்துக் காட்டி, "இது அந்த சாரோட யோசனை. அவரே கால அட்டவணை போடட்டும்" என்றார். அத்துடன் அவரே கரைக்குப் போய், ஏலக் கூடத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்களிடம் ஒவ்வொருவராகப் பேசினார். மேடை இல்லை, மைக் இல்லை. "பத்தரைக்கு வந்தாலும் பரவாயில்ல, வரட்டும். மத்தியானச் சாப்பாடும் இருக்கு."

அந்த வருடம் பையன்கள் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொன்னால் அது கதை. மூன்று பேர் கடலோடே போய்விட்டார்கள். ஆனால் வந்தவர்கள் எட்டாம் வகுப்பை முடித்தார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னடா, சரிதானே?

நான் அன்று கண்ணால் பார்த்ததைப் பின்னாளில் ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹோஃப்மன் என்ற மூன்று பேராசிரியர்கள் அமெரிக்காவில் பீட்சா விற்கும் 57 கடைகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்கிற கடைகளில், கலகலப்பாகப் பேசும் மேலாளர் இருந்தால் லாபம் கூடுதல். ஊழியர்கள் தாங்களே யோசனை சொல்கிற கடைகளில் கதை தலைகீழ். அங்கே அமைதியான மேலாளரின் கடைக்குத்தான் லாபம் கூடுதல். அவர் காது கொடுத்தார், அதனால் யோசனைகள் வீணாகவில்லை. ஆக, "யார் நல்ல தலைவர்?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். "யாருக்குத் தலைவர்?" என்றும் கேட்க வேண்டும்.

இனி நம் ஊர்ப் பிள்ளை ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பதிவு நிறைவு பெறாது. ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த கலாம் ஐயாதான். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அவருடைய தலைவரைப் பற்றி.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. திட்ட இயக்குநர் கலாம். முதல் அடுக்கு சரியாக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பல வருட உழைப்பு. நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். அன்று இஸ்ரோ தலைவராக இருந்தவர் பேராசிரியர் சதீஷ் தவான். விளம்பர வெளிச்சத்தை விரும்பாத மனிதர். அவர் கலாமை அழைத்துக்கொண்டு போய், தானே பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தார். தோல்வியின் பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார். தன் குழுவின்மேல் நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை வெல்வோம் என்றார்.

அடுத்த வருடம், 1980 ஜூலை 18. அதே ராக்கெட் வகை 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்றைய பத்திரிகையாளர் சந்திப்புக்குத் தவான் போகவில்லை. "நீங்கள் போய் நடத்துங்கள்" என்று கலாமிடம் சொல்லிவிட்டார். இதைக் கலாம் ஐயா தன் வாழ்நாள் முழுக்க மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த நிகழ்ச்சியை எல்லோரும் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்கிறோம். நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். பேச விரும்பாத மனிதர் பேசிய நாள் எது, ஒதுங்கிய நாள் எது? அடி விழும் நாளில் முன்னே வந்தார். மாலை விழும் நாளில் பின்னே போனார். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். 2009 ஜூலையில் டெல்லி மெட்ரோ பாலம் கட்டும்போது இடிந்து ஆறு பேர் இறந்தபோது, ஸ்ரீதரனும் தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை என்பது வேறு. பேச வேண்டிய நாளில் அவரும் மறைந்து நிற்கவில்லை.

தவானும் ஸ்ரீதரனும் அகமுகர்கள் என்று சான்றிதழ் கொடுக்க நான் டாக்டர் இல்லை. அவர்களின் நடத்தையில் நமக்குப் பாடம் இருக்கிறது, அது போதும்.

அமைதியை இவ்வளவு புகழ்ந்தபின், அதில் இருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று ஒரு அதிகாரம் வைத்தார். அதோடு நிற்கவில்லை. 'சொல்வன்மை', 'அவையஞ்சாமை' என்றும் அதிகாரங்கள் வைத்தார். எல்லா நேரமும் வாயை மூடிக்கொண்டிருப்பவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தால், கீழே இருப்பவர்கள் அவர் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்ல வேண்டியிருக்கும். "மேடம் கோபமா இருக்காங்களா? நம்ம வேலை பிடிக்கலையா?" என்று அவர்கள் தவிப்பார்கள். நன்றாகச் செய்தவனை நாலு பேர் அறியப் பாராட்டாமல் இருப்பதும், தன் ஆள்மேல் அநியாயப் பழி விழும்போது மேலிடத்தில் பேசாமல் இருப்பதும் அடக்கம் ஆகாது. தலைமை ஏற்றபின் உங்கள் மௌனம் உங்களோடு நிற்பதில்லை, மற்றவர்களையும் பாதிக்கும்.

எனவே அந்தப் பெண்ணிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1. உன் குணத்தை மாற்றிக்கொண்டு வேறொருத்தியாக நடிக்க வேண்டாம். தினம் எட்டு மணி நேரம் வேஷம் கட்டினால் உடம்பு தாங்காது.

2. கூட்டத்தில் பேசுவது கஷ்டமென்றால், பேச வேண்டிய மூன்று விஷயங்களை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்றைச் சொல்லிவிடு. நேரம் போகப்போக வாய் திறப்பது இன்னும் கஷ்டமாகும்.

3. பன்னிரண்டு பேரோடும் வாரத்துக்கு ஒருமுறையாவது தனித்தனியாகப் பத்து நிமிடம் பேசு. அது உனக்கு நன்றாக வரும். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கே திறப்பார்கள்.

4. "எனக்கு யோசிச்சுச் சொல்லத்தான் வரும். நாளைக்குக் காலைல பதில் தர்றேன்" என்று முதல் நாளே குழுவிடம் சொல்லிவிடு. சொன்னபடி கொடுத்தும் விடு. அப்புறம் உன் மௌனத்தைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள்.

5. மூன்று இடத்தில் மட்டும் கட்டாயம் வாய் திறக்க வேண்டும். தவறு நடந்தால் பொறுப்பேற்க, குழுவில் ஒருவர் நன்றாகச் செய்தால் அவர் பெயரைச் சொல்ல, உன் ஆளுக்கு அநியாயம் நடந்தால் தடுக்க. இந்த மூன்றையும் செய்தால் மீதி நேரம் நீ பேசாமல் இருந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பொறுப்பை ஏற்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. எதுவானாலும், "எனக்குப் பேச வராது" என்பதற்காக வேண்டாம் என்று சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

உறவினர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. வீட்டில் எதிர்த்துப் பேசினால் வாயாடி என்கிறோம். பேசாமல் இருந்தால் அடக்கமான பெண் என்று மெச்சுகிறோம். இருபது வருடம் இப்படி வளர்த்து அலுவலகத்துக்கு அனுப்பினால், அங்கே அதே அடக்கத்தைக் குறையாக எழுதுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு அவள்தான் முழிக்கிறாள். பேசும் பிள்ளையைப் பேச விடுங்கள். பேசாத பிள்ளையை விருந்தாளிகள் முன் நிறுத்தி "எங்கே, ஒரு பாட்டுப் பாடு" என்று படுத்தாதீர்கள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பொறுமைதான் நமக்கெல்லாம் கஷ்டம்.

உங்களில் பலர் இன்று அதிகாரியாக, மேலாளராக, தலைமையாசிரியராக, சொந்தப் படகு வைத்திருக்கும் சம்மாட்டியாக இருக்கிறீர்கள். நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களிடம் வேலை பார்ப்பவர்களில், கடந்த மூன்று மாதத்தில் ஒரு யோசனைகூடச் சொல்லாதவர் யார் என்று பாருங்கள். அவரிடம் யோசனை இல்லையா, நீங்கள் இடம் கொடுக்கவில்லையா என்று யோசியுங்கள். ஆளுக்கு ஒரு அரைத்தாள் கொடுத்துப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை. என்ன வந்தது என்பதைக் கீழே எழுதுங்கள். பொதுவில் எழுதப் பிடிக்காதவர்கள் தனியாக எனக்கு அனுப்புங்கள். அதையும் விரும்பிப் படிப்பேன்.

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் பதில் எழுத இரண்டு நாள் ஆகலாம். எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்